1706ஐத் தேடி மூன்று கோட்டைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அதுவரை சமகாலக் கதைகளையே எழுதிவந்த ஒரு நாவலாசிரியர், தரங்கம்பாடியைக் களமாகக் கொண்டு வரலாற்று நாவல் ஒன்றைத் தொடங்கியிருந்தார். கதை 1706இல் ஆரம்பிக்கிறது. அங்கே வணிகம் செய்த டேனிஷ் (டென்மார்க் நாட்டு) கம்பெனியில் கணக்கெழுதும் இளைஞன் ஒருவனும், சலங்கு என்னும் தைத்த படகை ஓட்டும் அவன் மைத்துனனும் மையப் பாத்திரங்கள். அந்த ஆண்டு ஜூலை 9 அன்றுதான் ஜெர்மானியச் சமயப் பரப்பாளர்களான சீகன்பால்கும் புளூட்சாவும் அங்கே வந்திறங்கினார்கள். 1708இல் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் சீகன்பால்கைச் சுமார் நான்கு மாதம் சிறையில் வைத்தார். இந்தச் சம்பவங்கள் நாவலின் ஓரத்தில் நடக்கின்றன; நடுவில் இருப்பது அந்த இரண்டு தமிழ்க் குடும்பங்கள்.

முதல் மூன்று அத்தியாயங்களைப் புத்தகங்களையும் இணையத்தில் கிடைத்த ஒளிப்படங்களையும் வைத்து எழுதியிருந்தார். பதிப்புக்கு முன் வரலாற்றுச் செய்திகளைச் சரிபார்ப்பது என் வேலை. அத்தியாயங்களில் உயிர் இருந்தது. ஆனால் கோட்டை, தேவாலயம், நகர வாசல், கடல் எல்லாமே ஒரே நாளில் கட்டி முடித்தவை போல ஒன்றாக நின்றன. எது 1706இல் இருந்தது, எது பின்னால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன்.

அதே சமயத்தில் எனக்குத் தெரிந்த முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் சோழமண்டலக் கடற்கரையின் ஐரோப்பியக் கோட்டைகளுக்குச் செங்கலும் சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து போனால் நல்லது என்று தோன்றியது. ஒருவர் மனிதர்களைத் தேடிப் போகிறார், மற்றவர் சுவரைத் தேடிப் போகிறார். நானும் உடன் சென்றேன்.

புறப்படும் முன் எடுத்த முடிவுகள்

நேராகத் தரங்கம்பாடிக்குப் போக நாவலாசிரியர் விரும்பினார். ஆய்வாளர் மறுத்தார். "அக்கா, அங்க சுவருக்குப் பூச்சு இருக்கு. பூச்சுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும்னா முதல்ல இடிஞ்ச கோட்டையைப் பாக்கணும்" என்றார். தரங்கம்பாடியிலுள்ள டான்ஸ்போர்க் கோட்டை பழுதுபார்க்கப்பட்டு, மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதை முதலில் பார்த்தவர் கண்ணில் அந்த வடிவமே பதிந்துவிடும். பிறகு பார்ப்பதெல்லாம் அதன் சிதைந்த நகலாகத் தெரியும். ஆகவே சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, கடைசியாகத் தரங்கம்பாடி என்று வரிசையை மாற்றினோம். இந்தப் பயணத்தில் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

இரண்டாவது முடிவு குறிப்பேடு பற்றியது. இடப்பக்கத்தில் கண்ணால் பார்த்தது, கையால் அளந்தது மட்டும். வலப்பக்கத்தில் மனத்தில் தோன்றியது, கற்பனை, கதைக்கான வரிகள். ஒரு பக்கத்துச் செய்தி மறுபக்கத்துக்குப் போகக் கூடாது. வீடு திரும்பியபின் எது பார்த்தது, எது நினைத்தது என்று நினைவு கலந்துவிடும். எழுத்தாளருக்கு அந்தக் கலப்பு தேவைதான், ஆனால் எங்கே கலந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்காலியும் டிரோனும் வேண்டாம் என்று முடிவாயிற்று. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் இவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். சதுரங்கப்பட்டினம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டியிருப்பதால் அங்கே டிரோன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அளவு நாடா, சிறிய அளவுகோல், கைபேசி கேமரா, இவை போதுமானவையாக இருந்தன.

சதுரங்கப்பட்டினம்

டச்சுக்காரர்களின் கோட்டை. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே கிடங்குகளின் எச்சங்களும், குலச்சின்னங்களும் எழுத்துகளும் ஆழமாகச் செதுக்கிய டச்சுக் கல்லறைகளும் உள்ளன. நாவலாசிரியர் கல்லறைகளிடம் போனார், ஆய்வாளர் சுவரிடம் போனார். எதிர்பார்த்ததுதான்.

சுவர் உடைந்த ஓரிடத்தில் ஆய்வாளர் எங்களை நிறுத்தினார். வெளியே ஒழுங்கான செங்கல் வரிசை, நடுவில் துண்டுச் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பிய கலவை. காரைக்குள் முழுதாக வேகாத கிளிஞ்சல் துண்டுகள் கண்ணுக்கே தெரிந்தன. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றினால் கிடைக்கும் சுண்ணாம்பு இது. கோட்டை டச்சுக்காரருடையது, சுவரோ இந்தக் கரையின் கிளிஞ்சலில் எழுந்தது. நாவலாசிரியர் வலப்பக்கத்தில் எழுதிய முதல் வரியே கிளிஞ்சல் பொறுக்கும் பெண்களைப் பற்றியது. நாவலின் நான்காம் அத்தியாயம் அங்கேதான் பிறந்தது.

இடிபாடுகளைப் பார்த்ததும் "எத்தனை நூற்றாண்டுக் காற்று, மழை" என்று அவர் சொன்னார். வயதால் மட்டும் வந்த அழிவு அல்ல இது என்பதை அப்போதே பேசிக்கொண்டோம். 1781இல் ஆங்கிலேயர் இந்த இடத்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று இதே கரைக்கு அப்பால் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. 1818இல் டச்சுக்காரரிடம் திரும்பியது. 1824 உடன்படிக்கையின்படி மறுபடி ஆங்கிலேயரிடம் போயிற்று. கைமாறிய கோட்டையைப் பராமரிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பாழடைந்த கோட்டையைக் காலத்தின் விளையாட்டு என்று எழுதுவது எளிது. பெரும்பாலும் அது யாரோ மேசையில் அமர்ந்து எடுத்த முடிவின் விளைவு.

இங்கேதான் ஒரு சிறு பிணக்கும் வந்தது. மழை அரித்த மண்ணில், நடைபாதை ஓரமாக, நீலக் கோடு போட்ட பீங்கான் துண்டு ஒன்றும் வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் தண்டுத் துண்டு ஒன்றும் நாவலாசிரியர் கண்ணில் பட்டன. கையில் எடுத்தார். எழுதும் மேசையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். "கீழ கிடக்கறதுதானே தம்பி, நாளைக்கு யாராவது மிதிச்சு உடைக்கப் போறாங்க" என்றார்.

ஆய்வாளர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "உங்க மேசைக்கு வந்துட்டா அது வெறும் துண்டு அக்கா. இங்க கிடக்கறவரைக்கும்தான் அது சாட்சி."

பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் கிடப்பதை எடுத்துப்போக யாருக்கும் உரிமை இல்லை என்பது சட்டப் பக்கம். ஆய்வுப் பக்கம் இன்னும் வலுவானது. ஹாலந்தின் கௌடா நகரத்தில் ஏராளமாகச் செய்து உலகமெங்கும் போன இந்தக் குழாய்கள் மலிவானவை, எளிதில் உடைபவை. வாங்கிய கொஞ்ச நாளிலேயே குப்பைக்குப் போய்விடும். ஆகவே அது கிடக்கும் மண்ணடுக்கின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். அடிப்பகுதியில் செய்தவரின் முத்திரை இருந்தால் இன்னும் நெருங்கலாம். இடம் மாறினால் அந்தப் பயன் போயிற்று. அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, இரண்டையும் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாதுகாவலரிடம் காட்டினோம். மேலதிகாரியிடம் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார். நாவலாசிரியருக்கு மனக்குறைதான். ஆனால் கணக்கு எழுதும் இளைஞனின் விரல்கள் உடைந்த குழாய்த் தண்டுகளை ஒதுக்கும் காட்சி நாவலில் வந்திருக்கிறது. கையில் எடுத்த அந்தக் கணத்தின் எடை அதில் இருக்கிறது.

ஆலம்பரை

கடப்பாக்கத்துக்கு அருகே, உப்பங்கழி ஓரம். மூன்றில் மிக அழகான இடம் இதுதான், அந்த அழகே சிக்கலாக ஆயிற்று. கனமான செங்கல் சுவர்கள் பிளந்து சாய்ந்து கிடக்கின்றன. அப்பால் கழியும், மணல் திட்டும், கடலும். இளைஞனும் மைத்துனனும் ரகசியமாகச் சந்திக்கும் காட்சியை இந்தச் சுவருக்குள் வைக்க நாவலாசிரியர் அங்கேயே முடிவு செய்தார்; ஐந்து பக்கம் எழுதியும்விட்டார்.

நான் தடுக்க வேண்டியிருந்தது. இது நவாபுகள் காலத்துக் கோட்டை. உள்ளே நாணயச் சாலை இருந்தது. ஆலம்பரை வராகன் என்றே நாணயம் உண்டு. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமி மிச்சத்தையும் சேதப்படுத்தியது. அவர் கண்ணெதிரே நின்ற சிதைவின் தோற்றம் 1760க்கும் 2004க்கும் சொந்தம். 1708இல் நடக்கும் காட்சிக்கு அந்தப் பிளந்த சுவரைக் கொடுக்க முடியாது.

காட்சியை முழுதாகக் கைவிடவில்லை. கோட்டையை எடுத்துவிட்டு, கழியையும் மணல் திட்டையும் வைத்துக்கொண்டு, பெயரில்லாத ஒரு படகுத்துறையாக்கினோம். அலையடிக்கும் கடலுக்கும் அமைதியான கழிக்கும் நடுவே ஒரு மணல் வரப்பு என்ற நில அமைப்பு இந்தக் கரையில் பல இடங்களில் உள்ளது, 1708க்கும் பொருந்தும்.

தரங்கம்பாடி

முதல் இரண்டு இடங்களில் கண் பழகியிருந்தது. அரச வீதியில் நுழைந்தபோதே நாவலாசிரியர் நின்று, "இந்த வாசல் எப்போ கட்டினது?" என்று கேட்டார். அவருடைய முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் 1706இல் அந்த வெள்ளை வாசலைக் கடந்துதான் ஊருக்குள் வருகிறான். இன்றுள்ள நகர வாசல் 1792இல் எழுப்பியது. வீதியில் எதிரும் புதிருமாக நிற்கும் தேவாலயங்களில் சீயோன் 1701ஐச் சேர்ந்தது, ஆகவே அவன் கண்ணில் படலாம். புதிய எருசலேம் ஆலயம் 1718இல் வந்தது. அவன் கண்ணில் பட வழியில்லை. சில நிமிட நடையில் ஒரு நூற்றாண்டு அடுத்தடுத்து நிற்கிறது, அத்தனைக்கும் ஒரே மாதிரி வெளிர் பூச்சு.

கோட்டையிலும் அப்படியே. 1620இல் ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் டேனிஷ் கப்பற்படைத் தலைவர் ஓவே யெட்டே கட்டத் தொடங்கியது இது. (நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது.) 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றபின் நீண்ட காலம் பயணியர் விடுதியாக இருந்து, பிறகு அருங்காட்சியகமாயிற்று. கதவு வைத்தவர்கள், அடைத்தவர்கள், பூசியவர்கள் என்று எத்தனையோ கைகள் பட்டிருக்கின்றன. உப்புக்காற்று சுவருக்குள் உப்பைச் சேர்க்கும், அது படிகமாகிப் பூச்சைத் தள்ளும், மறுபடி பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசிய இடங்களில் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே செங்கல் பொடியும். பழசாகத் தெரியும் பொரிந்த சுவர் பல நேரம் அண்மைக்காலப் பழுதின் விளைவு என்பதை ஆய்வாளர் ஒவ்வொரு மூலையிலும் காட்டினார்.

கடலைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். கோட்டையின் மேல்தளத்தில் நின்றால் கடல் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் கப்பல் கோட்டை வாசலுக்கே வந்து நிற்கிறது, மேலிருந்து ஆட்கள் பேசுகிறார்கள். இதில் இரண்டு சிக்கல்கள். பழைய வரைபடங்களில் கோட்டைக்குக் கிழக்கே இன்று இல்லாத நிலம் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் எடுப்பித்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோன கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். கரை உள்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது; 1706இன் கடல் இன்னும் தள்ளித்தான் இருந்திருக்கும். அடுத்தது, இந்தக் கரையில் கப்பல் வந்து அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் கயிற்றால் தைத்த சலங்குகளிலும் கட்டுமரங்களிலும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நாவலாசிரியர் கேட்டார்: "ஐயா, கார்த்திகை மாசத்துல வெளிக்கடல்ல ஒரு பெரிய கப்பலை நிறுத்தி வச்சா நிக்குமா?"

"நிக்குமா? வாடைக் காத்துல நங்கூரத்தை அறுத்துக்கிட்டுக் கரைக்கு வந்து விழும்மா. அலையைப் பாத்துத்தான் படகே இறக்குவோம். பெரிசு பெரிசா அடிச்சு முடிச்சு ஒரு ஓய்வு கொடுக்கும் பாருங்க, அதுக்குள்ள தாண்டிடணும்."

அந்தப் பதிலோடு ஆவணங்களும் ஒத்துப்போகின்றன. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே கப்பல்கள் இந்தக் கரையைவிட்டு விலகிவிடுவது அந்நாள் வழக்கம். நவம்பர் மழையில் கப்பல் வரும் அவருடைய காட்சிக்குப் பருவம் ஒத்துவரவில்லை. அலையின் அந்த ஓய்வுக்காகக் காத்திருக்கும் படகோட்டியின் உடல்தான் பதிலாக வந்தது. மைத்துனன் பாத்திரம் அதன்பின்தான் நிமிர்ந்து நின்றது என்று நினைக்கிறேன்.

இனி சிறை. கீழ்த்தளத்து அறை ஒன்றில் நாவலாசிரியர் நீண்ட நேரம் அமர்ந்திருந்தார். சீகன்பால்க் இருந்த அறை இதுதான் என்று நிறுவும் முயற்சியில் இறங்க வேண்டாம், அறிவிப்புப் பலகையை மட்டும் வைத்து அறையை அடையாளம் சொல்லும் வரி நாவலில் வரக் கூடாது என்று பேசி முடித்தோம். ஆனால் அமர்ந்ததால் வேறொன்று கிடைத்தது. கைப்பிரதியில் நண்பகலில் அறை கொதிக்கிறது. நேரில் நண்பகலில் குளிர்ச்சியாக இருந்தது. மாலையில் சுவரில் கை வைத்தபோதுதான் சூடு தெரிந்தது. தடித்த சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி, பொழுது சாய்ந்தபின் மெல்ல உள்ளே விடுகிறது. சிறைக்காட்சி இரவுக்கு மாறியது. எந்த ஆவணத்திலும் இது அவருக்குக் கிடைத்திருக்காது.

வலப்பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: அறைக்குள் அலைகள் தனித்தனியாகக் கேட்கவில்லை, ஒரே முழக்கமாகக் கேட்கிறது என்று. படித்த ஆய்வாளர், "கடல் இப்போ கிட்ட வந்துடுச்சே அக்கா" என்றார். சுவரின் சூடு 1708க்கும் பொருந்தும். கடலின் முழக்கம் அதே அளவில் பொருந்தாது. முழக்கத்தைக் காற்றடிக்கும் இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆவணங்களோடு ஒப்பிட்டபோது

திரும்பியதும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், அச்சான கடிதத் தொகுப்புகளிலும் நாள்களைச் சரிபார்த்தோம். நாவலில் சென்னையிலிருந்து ஆங்கிலேயர் எழுதும் கடிதத்துக்குத் தரங்கம்பாடியிலிருந்து பதில் போகிறது. உண்மையான தேதிகளை மாதிரியாக வைத்து எழுதியதில், கதைப்படி கடிதம் வந்துசேர ஆகும் நாள்கள் ஓரிடத்தில் நம்ப முடியாத அளவு நீண்டும், திரும்பி வருகையில் எழுதும் முன்பே கிடைத்தது போலவும் இருந்தன. காரணம் நாட்காட்டி. டென்மார்க் 1700இலேயே புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறிவிட்டது; ஆங்கிலேயர் 1752 வரை பழைய (ஜூலியன்) நாட்காட்டியையே பின்பற்றினார்கள். இடையில் 11 நாள் வித்தியாசம். போதாததற்கு ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு அப்போது மார்ச் 25இல்தான் தொடங்கியது. கதாநாயகன் கணக்கெழுதுபவன், இரண்டு தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும் பழக்கத்தை நாவலாசிரியர் அவனுக்குக் கொடுத்துவிட்டார். பிழைத்திருத்தமாக வந்தது பாத்திரத்தின் குணமாக மாறியது.

விளைவு

முதல் மூன்று அத்தியாயங்களும் திரும்ப எழுதப்பட்டன. நகர வாசலும் கோட்டையடிக் கப்பலும் போயின. கிளிஞ்சல் சூளை, அலைக்குக் காத்திருக்கும் சலங்கு, இரவில் சுடும் சுவர் ஆகியவை வந்தன. எல்லாம் லாபம் என்று சொல்லமாட்டேன். ஆலம்பரைச் சுவருக்குள் எழுதிய முதல் வடிவம் இப்போதைய படகுத்துறைக் காட்சியைவிட உணர்ச்சியில் வலுவானது. அந்த இழப்பு தெரிந்தே ஏற்றுக்கொண்டது. முன்னுரையில் ஒரு விளக்கம் எழுதி அந்தக் காட்சியைக் காப்பாற்றலாமா என்று ஒரு கட்டத்தில் யோசித்தோம். அச்சுக்குப் போகும்வரை அந்தக் கேள்வியைத் திறந்தே வைக்கும்படி நாவலாசிரியர் கேட்டிருக்கிறார்.

ஆய்வாளருக்கும் பலன் இருந்தது. வேகாத கிளிஞ்சல் கலந்த காரையைச் சதுரங்கப்பட்டினத்தில் கவனித்தது அவரைச் சூளைக் கூலி பற்றிய கணக்குகளைத் தேடவைத்தது. சுவரை மட்டும் பார்த்த ஆய்வில் இப்போது உழைத்தவர்களுக்கென்று ஓர் இயல் இருக்கிறது. அது நாவலாசிரியர் கேட்ட கேள்விகளிலிருந்து வந்தது என்று அவரே சொல்கிறார்.

அடுத்த பயணத்தில் மாறுவது

18ஆம் நூற்றாண்டு டேனிஷ் வரைபடங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கையில் கொண்டுபோக வேண்டும். இடம்பெயராத அடையாளம் ஒன்றிலிருந்து, உதாரணமாகச் சீயோன் ஆலயச் சுவரிலிருந்து, கடல்வரை நடந்து அளந்து வரைபடத்தோடு ஒப்பிட்டால், பழைய கரையைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல் தூரத்தோடு பேசலாம். மீனவர்களிடம் பேசுவது பயணத்தின் இறுதியில் தற்செயலாக நடந்தது. அடுத்த முறை அதுதான் முதல் வேலை. ஒவ்வொரு கோட்டைக்கும் போகும் முன், இன்று கண்ணுக்குத் தெரியும் பகுதிகள் எந்தெந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று ஒரு தாளில் எழுதி, நாவலின் ஆண்டுக்குப் பிந்தியவற்றை அடித்துவிட வேண்டும்.

பருவமும் மாறும். இந்தப் பயணம் மழை ஓய்ந்தபின், தெளிந்த வானத்தில் நடந்தது. நாவலின் பாதிக் கதை நடப்பது வாடைக் காலத்தில், கப்பல் இல்லாத கடலைப் பார்த்து ஊர் காத்திருக்கும் மாதங்களில். நாவலாசிரியரும் ஆய்வாளரும் வரும் கார்த்திகையில் தரங்கம்பாடிக்கு மட்டும் போய்த் தங்குவதாக இருக்கிறார்கள். அதே குறிப்பேடு, அதே இரண்டு பக்கங்கள்.